அட்டைக்குள் போன ஒரு விரலளவு

மேடையேறியதிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடு இத்தனை படி ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் அடக்கி வைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

இந்த அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்பவள் நான். மன்னரின் வெற்றியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். யானைமேல் மன்னர். மலையேறும் பீரங்கி. அதை இழுக்கும் எட்டு ஜோடி மாடுகள். எவ்வளவு அழகு! எவ்வளவு அரைகுறை!

பின்வரிசையில் யார் சிரிப்பது? சிரியுங்கள். நானும் மூன்று வாரமாகச் சிரித்துப் பார்த்துவிட்டேன்.

அசல் ஓவியம் உள்ளங்கை அகலம்தான். அடியோரத்தில் புகைக்கறை. உலர்ந்த தூரிகையால் துளித்துளியாக நீக்கினேன். கறைக்குக் கீழே ஒரு வயல். ஏரைப் பிடித்திருக்கிறான் ஒருவன். நுகத்தடியில் தோள் கொடுத்து இழுக்கிறாள் ஒருத்தி. அவள் முகம் எள்ளளவு. அந்த எள்ளுக்குள் வாய் திறந்து மூச்சு வாங்குகிறாள்.

மாடுகள் எங்கே போயின? மலைமேல் போயின. மன்னருக்காகப் போயின. மடியும்வரை இழுக்கப் போயின! இதைச் சொன்னது யார்? மன்னரின் சோற்றைத் தின்ற ஓவியர். மன்னர் கண்ணுக்கு எட்டாத மூலையில்!

சட்டம் போடும் தச்சரிடம் ஓடினேன்.

"ராஜா நடுவுல வரணும்னு மேலிடத்து உத்தரவும்மா. படத்தச் சுத்தி வைக்கிற அட்டைக்குள்ள கீழ ஒரு விரலு மறைஞ்சு போயிடும். என்ன, வெறும் வயல்தானே?"

"பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்கண்ணே."

பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அடப்பாவிங்களா, பொம்பளைய மாடாக்கிட்டானுங்களேம்மா!"

மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். தொலைபேசியில் ஒரே பதில்: "வெற்றி விழாவுல எதுக்கும்மா அழுகாச்சி?"

தலைவர் அவர்களே, அந்த மேலிடம் நீங்கள்தான். போர் அவளை நுகத்தில் பூட்டியது. நாம் அட்டைக்குள் பூட்டுகிறோம். நாளைக் காலை சட்டத்துக்கு முத்திரை வைத்துவிட்டால், இன்னும் பதினைந்து ஆண்டுக்கு யாரும் திறக்க மாட்டார்கள். மன்னர் ஒரு விரல் மேலே நகர்ந்தால் என்ன? யானையிலிருந்து விழுந்துவிடுவாரா?

தலையாட்டுகிறீர்கள். எனக்கா, கொசுவுக்கா?

"ஐயா ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அட்டைய இப்பவே வெட்டிடுறேன்!"

அதோ, மூன்றாம் வரிசையில் தச்சர் எழுந்துவிட்டார். கையில் அளவுகோல். தலைவர் ஏதோ முணுமுணுக்கிறார். ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், ஐயா.

"வெட்டித் தொலைய்யா! இந்தம்மா விடமாட்டா!"

அது போதும். கைதட்டலை அந்த ஓவியருக்குக் கொடுங்கள். பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. இத்தனை காலம் நுகத்தை இறக்காமல் நின்றவளுக்கு என் வணக்கம். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் உள்ளே வாருங்கள். குனிந்தால்தான் அவள் தெரிவாள்.

தலைவர் முதலில் வரட்டும்.