பன்னெண்டாவது பூச்சு

வித்துட்டேனா? யாரு சொன்னா, உன் சித்தப்பா மகன் டேல் சொன்னானா? அவன் கெடக்கான். உங்கப்பன் துப்பாக்கிய வித்துத்தான் இந்த வெய்னோ வயித்தக் கழுவணுமா? அதோ பாரு, ஜன்னல் பக்கத்துல கம்பியில தொங்குது. அதோட மரக்கட்டை மட்டும்தான். குழலும் மத்த இரும்பும் எல்மாவோட தையல் மிஷினுக்குப் பின்னாடி, போர்வையில சுத்தி வெச்சிருக்கு. என்னக் கட்டுன பாவத்துக்கு அவளும் ஒரு வருசமா என்னைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கா. அந்தக் கோட்டக் கழட்டேன், கார்லா. மில்வாக்கிலேருந்து ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து யாராவது வாசல்ல நின்னுக்கிட்டே சண்ட போடுவாங்களா?

தொடாத, தொடாத. நேத்துப் போட்ட எண்ணெ. கையெல்லாம் ஒட்டும்.

ஆமா, இது இங்க வந்து பதிமூணு மாசம். எனக்குத் தெரியாதா? வர்ற வெள்ளிக்கெழம மான் சீசன் ஆரம்பிக்குது, அதுவும் தெரியும். ஊரு பூரா வேட்டைக்குப் போடற ஆரஞ்சு சட்டைய ஒட்டடை தட்டி எடுத்துட்டாங்க. எனக்கு ஒண்ணும் மூளை கலங்கிடல.

கட்டைக்கு மெருகு போட ஒரு வாரம் போதும்னு போன்ல பாத்தியாக்கும். போதும்தான். வார்னிஷ் அடிச்சா ரெண்டே நாளு. மூணாவது வருசம் மழை பட்டா தோல் தோலா உரிஞ்சு வரும், பாம்புச் சட்டை மாதிரி. நான் போடறது ஆளிவிதை எண்ணெ. மொத வாரம் தெனம் ஒரு பூச்சு. அப்பறம் ஒரு மாசம், வாரத்துக்கு ஒண்ணு. அப்பறம் ஒரு வருசம், மாசத்துக்கு ஒண்ணு. அதுக்கும் மேல வருசத்துக்கு ஒண்ணு, ஆளு இருக்கற வரைக்கும். பழைய ஆளுங்க சொல்லிக் குடுத்த கணக்கு. ஒவ்வொண்ணுக்கும் வெறுங்கையாலதான் தேய்க்கணும், உள்ளங்கை சுடற வரைக்கும்.

இல்ல, யாரும் அப்படிப் போடறதில்ல. நானே என்னோடதுக்குப் போட்டதில்ல. நாலு பூச்சோட சரி.

உங்கப்பனுக்கு மட்டும் என்னன்னா... நல்ல வால்நட் மரம்மா அது. அவ்வளவுதான்.

பழைய பிசுக்கப் போக்க பாத்திரம் கழுவுற மிஷின்ல போட்டேன். சிரிக்காத, இங்க பாதிப் பேரு திருட்டுத்தனமா அதத்தான் பண்றாங்க. சாப்புடற தட்டுல எல்லாம் துப்பாக்கி வாசம் வருதுன்னு எல்மா ஒரு வாரம் என்கூடப் பேசல. அப்பறம் அங்கங்க அமுங்கிக் கெடந்த எடத்துல ஈரத்துணியப் போட்டு, அவ இஸ்திரிப்பெட்டிய வெச்சு அழுத்தினேன். மரம் தண்ணியக் குடிச்சு தானா மேல எந்திரிச்சுரும். இஸ்திரிப்பெட்டியும் கெட்டுப்போச்சு. அந்தப் பேச்சு இன்னும் ஓயல.

ஆமா, சுவத்துல இருக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. நான் இல்லன்னு சொன்னேனா?

சரி, ஒண்ணு கேக்கறேன். உங்கப்பன் ரெய்னோ இத எடுத்துட்டு வரச் சொன்னானா? வாயத் தொறந்து கேட்டானா? இல்லல்ல. அவன் வீட்டுச் சுவத்துல அந்த ரெண்டு ஆணியும் வெறுமனே நிக்கறதப் பாத்து உனக்கு மனசு கேக்கல. அப்பாவ ஏமாத்திட்டாங்கன்னு கெளம்பி வந்துட்ட. தப்பில்ல. எனக்கு ஒரு பொண்ணு இருந்து, இப்படி வந்து கத்துனா சந்தோசமாத்தான் இருக்கும்.

போன சீசனுக்கு என் துப்பாக்கிய எடுத்துக்க, என் பக்கத்துலயே நில்லுன்னு நானும் சொல்லிப் பாத்தேன். வேணாம்னுட்டான். நாங்க அஞ்சு பேரும் காட்டுக்குள்ள போனோம், அவன் வேட்டைக் கொட்டகையில உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சான். அறுபது வருசத்துல மொதத் தடவ. கிழவனுங்க ஆளாளுக்குக் கேலி பண்ணாங்க, நல்ல சமையக்காரி கெடச்சுட்டான்னு. அவனும் சிரிச்சுட்டு உப்பு போதுமான்னு கேட்டான். உப்பு போடவே இல்ல.

இங்கயா? மாசத்துல ஒரு சனிக்கெழம வந்துருவான். அந்த ஸ்டூல்ல உக்காருவான். நான் தேய்ப்பேன், அவன் காப்பி குடிப்பான். என்ன பேசுவோம்... பனி, மீனு, முட்டி வலி. உங்கம்மா பேரு ஒரே ஒரு தடவ வந்துச்சு. ஏப்ரல்ல. பெர்னீஸுக்கு இந்த எண்ணெ வாசம் புடிக்காதுன்னான். அவ்வளவுதான்.

கம்பியிலேருந்து எடுத்துட்டியா? சரி, எடு. எனக்கும் அலுத்துப்போச்சும்மா. எழுபத்தாறு ஆச்சு. கை வலி போகட்டும், போன் அடிச்சா எல்மாவத்தான் எடுக்கச் சொல்றேன். ஒரு சனிக்கெழம அவன் அரை மணி நேரம் லேட்டா வந்தான். பூட்ஸ மாட்டிக்கிட்டு ரோட்டுக்கே போயிட்டேன். கொண்டுபோ, உன் வீட்டுல வெச்சுக்க. அந்த ஆணியில மட்டும் மாட்டாத.

ஏன்னா?

நான் போயி எடுத்துட்டு வரலம்மா. அவனாத்தான் வந்தான். உங்கம்மாவப் பொதச்ச பதினோராம் நாளு, மத்தியானம். உறை கெடையாது, ஒண்ணும் கெடையாது, அப்படியே கையில தூக்கிட்டு ரெண்டு மைலு நடந்து வந்திருக்கான். இதுக்கு மெருகு போட்டுக் குடுன்னான். நல்லாத்தானடா இருக்குன்னேன். சட்டைப் பையிலேருந்து தோட்டாவ எடுத்து மேசைமேல வெச்சான். ஒண்ணே ஒண்ணு. மானுக்குன்னு யாரும் ஒரே ஒரு தோட்டாவோட கெளம்ப மாட்டாங்க, நீயும் வேட்டைக்காரன் பொண்ணுதானே. நான் அதப் பாக்காத மாதிரி கட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தேன். எவ்வளவு நாளாகும்னான். முறையாப் போட்டா ஒரு வருசத்துக்கு மேல ஆகும்னேன். முறையாவே போடுன்னான்.

இரு, உக்காரு. அழாத. எல்மா, அந்தத் துண்ட எடு.

அந்தக் கணக்கு நேத்தோட முடிஞ்சுருச்சு, பன்னெண்டாவது மாசப் பூச்சு. இனிமே என்ன சாக்கு சொல்றதுன்னு ராவும் பகலும் அதே யோசனைதான் எனக்கு. நேத்துப் போட்டு முடிச்சதும் உங்கப்பன் கையில வாங்கினான். ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு ரொம்ப நேரம் பாத்தான். அடியில ஒரு எடம் வெளுப்பாத் தெரியுதே வெய்னோ, இன்னொரு பூச்சு போடணும்போலன்னான். அவன் போனப்பறம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, எல்மாவையும் கூப்புட்டு, ரெண்டு பேருமா அங்குலம் அங்குலமாப் பாத்தோம். எங்கயும் வெளுக்கல.