பெரூஷ் தீவுல சத்தமே கிடையாது

சத்தமா? எங்க பெரூஷ் தீவுலயா? என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. இங்க அலையே கால்விரல ஊனித்தான் கரைக்கு வருது. நாய்க்குக் குரைக்கணும்னு தோணுனா வாய மூடிக்கிட்டு உள்ளுக்குள்ளயே குரைச்சுக்கும். நம்புங்க. சரி, பாதியாவது நம்புங்க.

ஆமா, ரெண்டு ரூமுதான். என் பொண்ணு வெர்லின்தான் எல்லாம் பாத்துக்குறா. பல்லு புடுங்கப் பெரிய தீவுக்கு, கிங்ஸ்டவுனுக்குப் போயிருக்கா. நான் அவ அப்பன், எல்ஃபோர்ட். அவ இருந்தா போன என் கையிலயே குடுக்க மாட்டா. அதனால வெச்சுடாதீங்கம்மா, கொஞ்சம் கேளுங்க.

அடுத்த மாசம் ஒரு வாரம் ஓய்வா? தாராளமா வாங்க. ஜன்னலத் திறந்தா கடல். வாசல்ல வலை ஊஞ்சல் கட்டி வெச்சிருக்கோம். காலையில சீமைப்பலா சுட்டு, கூட மீன் வறுத்துத் தருவோம். அந்தச் சீமைப்பலா... சரி விடுங்க, அத அப்புறம் சொல்றேன்.

ஆமா, நீங்க உயரமா, குட்டையா? சும்மாத்தான். கட்டில் நீளம் பத்துமான்னு கேட்டேன். உயரமா! நல்லதாப் போச்சு.

முன்னல்லாம் இப்படி இல்லம்மா. கரையில நாட்டுவாதாம் மரத்தடியில எங்க டாமினோ பலகை இருக்கும். பொழுது சாஞ்சா நான், என் சிநேகிதன் ஆஸ்மண்ட், இன்னும் யாரு சிக்குறாங்களோ அவங்க. ஆடியிருக்கீங்களா? ஓ, மேசையில புள்ளி போட்ட கட்டையப் பூ மாதிரி வைப்பீங்களா? இங்க வைக்கக்கூடாது, அடிக்கணும். ஆஸ்மண்ட் எந்திரிச்சு நின்னு கைய ஓங்கி ஒண்ணு போட்டான்னா, பக்கத்துத் தீவுல சினையா நிக்கிற ஆடு குட்டி போட்டுடும். பொய்யில்லம்மா. ரெண்டு குட்டி.

அப்பத்தான் தங்க வந்தாங்க ஒரு அம்மா. நல்ல உயரம். தலையில சிவப்புத் தொப்பி. வெயில்ல மூக்குத் தோலு உரிஞ்சு கெடந்துச்சு. இந்தச் சத்தத்துல கண்ணே மூட முடியல, அழுகையா வருதுன்னாங்க. நான் போய் ஆஸ்மண்டுகிட்ட சொன்னேன். சொல்லித்தானம்மா ஆகணும்?

போடா, உன் தொப்பிக்காரிய காதுல பஞ்ச அடைச்சுக்கிட்டுப் படுக்கச் சொல்லுன்னு ஏசுவான்னு பாத்தேன். பாவி, மூஞ்சி சுண்டிப் போச்சு அவனுக்கு. ஐயையோ எல்ஃபோர்ட், வெர்லினோட பொழப்பாச்சேடான்னான். மறுநாளே பலகை மேல பழைய பாய்மரத் துணிய விரிச்சுட்டான். துணி மேல டாமினோ ஆடுறதும் கையுறை போட்டுக்கிட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டுறதும் ஒண்ணுதான். யாருக்குச் சிரிப்பு வரும்? கொஞ்ச நாள்ல பலகையவே தூக்கிட்டுப் போயிட்டான்.

அதோட விட்டானா? வீடு வீடாப் போனான். மீன் வந்தா மிஸ் யூலா சங்கு ஊதுவா. அதயும் நிறுத்தியாச்சு. இப்ப மீன் வந்த சேதி பூனைங்களுக்கு மட்டும்தான் தெரியுது. பாதிரியார் கோயில் மணி நாக்குக்குக் கம்பளிக் காலுறை மாட்டி விட்டுட்டாரு. இருட்டுறதுக்கு முன்னாடி அவனவன் சேவலக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மலைக்கு அந்தாண்ட கொண்டுபோய் விடுறான். எல்லாம் அந்த ஒரு தொப்பிக்காக.

ஆமாம்மா, அதுக்கப்புறம்தான் அமைதியான தீவுன்னு பேரு கெளம்புச்சு. வெர்லினுக்கு ரூமு காலியாவே இருக்குறதில்ல. உங்ககிட்ட சொன்னவங்களும் அப்ப வந்தவங்களாத்தான் இருக்கும்.

அந்தச் சீமைப்பலா சொன்னேன்ல? யாரு தங்க வந்தாலும், ஆஸ்மண்டு தன் மரத்துலயே நல்ல காயாப் பாத்துப் பறிச்சு, அவனே கரியில சுட்டு, வாழையெலையில சுத்திக் கொண்டாந்து வெப்பான். அந்தத் தொப்பியம்மா மறுபடி வந்தாங்களாடா, வந்தா நாங்க இப்ப சத்தம் போடுறதில்லன்னு சொல்லுடாம்பான். வெர்லின் என் தட்டுலயும் ஒரு துண்டு போடுவா. தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி நிக்கும். சுட்ட சீமைப்பலாவுல ஏதும்மா முள்ளு?

இப்ப அவன் ஊர விட்டே கெளம்புறான். வர்ற வெள்ளிக்கெழமை படகுல. பார்படோஸ்ல மகன் வீடு பஸ் போற ரோட்டு மேலயே இருக்காம். அங்க சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குமாம்டா எல்ஃபோர்ட், இங்க என் கைக்கு வேலையில்லன்னு சொல்றான். யார் மேலயும் கோவமில்ல அவனுக்கு. அதாம்மா எனக்குத் தாங்கல.

அதனால ஒண்ணு கேக்குறேன். அடுத்த மாசத்துக்குப் பதிலா இந்த வெள்ளிக்கெழமையே வந்துடுங்களேன்? வாடகையே வேண்டாம். வெர்லின்கிட்ட நான் திட்டு வாங்கிக்குறேன். வர்றப்ப தலையில ஒரு தொப்பி மட்டும், சிவப்பா. மூக்கப் பத்திக் கவலைப்படாதீங்க, படகுல வர்றப்பவே அது உரிஞ்சுடும். துறையில பொட்டியோட ஒரு நெட்டையன் நிப்பான், அவன்தான் ஆஸ்மண்ட். நேரா அவன்கிட்ட போயி, அன்னிக்கு எனக்குத் தலைவலி, ஏதோ சொல்லிட்டேன், நீங்க கட்டைய ஓங்கி அடிங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

அந்த அம்மாவயே கூப்புடலாமேன்னா, எங்கேருந்தும்மா கூப்புடுறது? அப்படி ஒருத்தங்க வந்திருந்தாத்தானே!

இல்லம்மா, அன்னிக்கு ஆஸ்மண்டுகிட்ட ஆறு ஆட்டமும் தோத்துட்டேன். ஆறுக்கு சைபர். இங்க அப்படித் தோத்தா ஊரே அவன ஆறுன்னுதான் கூப்புடும். ஞாயித்துக்கெழம பாதிரியாரு பைபிள்ல ஆறாவது கட்டளைய வாசிச்சுட்டு என்னப் பாத்துச் சிரிக்கிறாருன்னா பாருங்க. அந்தப் பலகை கொஞ்ச நாளு வாயத் தொறக்காம இருந்தாப் போதும்னுதான் நெனச்சேன். ஊரு வாயயே பொத்துவான்னு யாரு கண்டா?

நானே போய் உண்மையச் சொல்றதா? சொன்னா நின்னுடுவான்னு நெனைக்கிறீங்களா? அப்பவும் போகத்தான் போறான், என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம.

அலோ? இருக்கீங்களாம்மா? என்னது, மறுபடியும் சத்தமா? அமைதிக்கு நான் பொறுப்பு. வெள்ளிக்கெழமை நீங்க வந்து எறங்குற வரைக்கும் இங்க ஒரு சத்தம் இருக்காது.