சத்தம் போடும் புரொஜெக்டர்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றவர்களை வந்து பார்ப்பதில்லை; பொருள் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். என் மகள் அகிலாவுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. எங்கள் ஊர் நாராயணவனத்துக்குப் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான். வரவில்லை. படுத்தே கிடக்கும் அம்மா சுவரில் படம் பார்க்கட்டும், பணம் அனுப்புகிறேன், ஒரு புரொஜெக்டர் வாங்கு நைனா என்று போனில் சொன்னாள்.

திருப்பதிக்குப் போய்க் கடை ஏறினேன். அங்கே இருந்த பெண் இரண்டைக் காட்டினாள்.

"இது ஆபீஸ் மிஷினு தாத்தா. பட்டப்பகல்லயே பளிச்சினு தெரியும். ஆனா ஃபேன் சத்தம் தலவலி. படம் பாக்க ஹோம் தியேட்டர்தான் கரெக்டு. ரூமை இருட்டு பண்ணிக்கினு பாரு, கலரு அள்ளும். சத்தமே வராது."

"அந்த ஆபீஸ் மிஷினு எம்மாஞ் சத்தம் போடும்?"

"எல்லாரும் சத்தம் வாணாம்பாங்க. நீ இன்னா, சத்தம் கேட்டு வாங்கற?" என்று சிரித்தாள்.

கடைக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளுவதில்தான் ஏதாவது நல்லது இருக்கும். ஆபீஸ் மிஷினையே எடுத்தேன்.

என் மனைவி சந்திரம்மா படுத்திருந்த அறையில் அதை வைக்கவில்லை. வெளிச்சம் அவள் கண்ணுக்கு ஆகாது என்று அகிலாவிடம் சொல்லிவிட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டேன்.

சந்திரம்மாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து மூன்று வருடம். குளிப்பாட்டினேன், துணி மாற்றினேன், ஊட்டினேன். அதில் எனக்குச் சலிப்பு வந்ததில்லை. அவள் கூப்பிடுவதுதான்.

"யோவ், கீறியா?"

போய் நின்றால் ஒன்றும் வேண்டாம் என்பாள். நான் வாசற்படி தாண்டுவதற்குள் மறுபடியும், "யோவ், கீறியா?" நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும் அவளுக்கு. ஒரு நாளைக்கு நூறு தடவை இருக்கிறேன், இருக்கிறேன் என்று யாரால் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை. கூழ் ஊட்டினேன். ஊட்டியதும் அரைமணி நேரம் சாய்த்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். கூடத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளைப் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை வார்த்தையாக வரவில்லை.

படம் முடிந்ததும் எழுந்து போனேன். அவள் கை அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

காரியத்துக்கு வந்த அகிலா, நான் சோற்றைத் தொடாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். "அந்த மிஷினு சத்தத்துல உனுக்கு எப்பிடி நைனா கேட்டிருக்கும்? அதுக்காவ துன்னாம கெடந்தா ஆச்சா?" என்றாள். மிஷினைப் போட்டு, படம் ஓடவிட்டு, என்னை எதிரே உட்கார வைத்தாள். தன் புருஷன் பாஸ்கரை உள் அறைக்கு அனுப்பிக் கூப்பிடச் சொன்னாள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாத்தியா, எனுக்கே ஒண்ணும் கேக்கல. உம்மேல தப்பே இல்ல. இப்பவாவது நம்பறியா?"

பாஸ்கர் மூன்று தடவை "மாமா" என்றான். மூன்றும் எனக்குக் கேட்டது. அன்றைக்கும் மூன்றும் கேட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து தெருவில் இறங்கி நடந்தேன். அந்தக் கடைப் பெண் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். ஒழுங்காகச் சத்தம் போடுகிற மிஷினாகக் கொடுத்திருந்தால், என்மேல் ஒரு தப்பும் வந்திருக்காது.