வெள்ளைத் தையலைப் பிரித்த காலை

– ஈவன், கத்திரியைக் கீழே வைடா! ஆட்டுக்கு ரோமம் வெட்டுற வேகத்துல வெட்டுறியே. அது நான் கல்யாணத்துக்குக் கட்டப்போற கில்ட்டுப் பாவாடைடா. எங்கேயாவது கிழிச்சு வச்சேன்னா மத்தியானம் சர்ச்சுல நான் கம்பளியைப் போத்திக்கிட்டுத்தான் நிக்கணும்.

– விடுண்ணே. வெள்ளை நூலை மட்டும்தான் வெட்டுறேன். பின்பக்க மடிப்பு கலையாம இருக்கத் தையற்கடையில போட்ட ஓட்டுத் தையல் இது. பிரிக்காமக் கட்டிக்கிட்டுப் போனா ஹாரிஸ் தீவே சிரிக்கும்.

– உனக்கு எப்படித் தெரியும்? நாம ரெண்டு பேரும் ஜென்மத்துல புதுசு கட்டினது கிடையாது. அப்பாவோட பழசைத்தானே மாத்தி மாத்திக் கட்டினோம். அதையும் பூச்சி தின்னுடுச்சு.

– கடைக்கு போன் போட்டுக் கேட்டேன்.

– நீயா! பாரேன் இந்த அதிசயத்தை! கால்நடை டாக்டருக்கே என்னைத்தானே பேசச் சொல்லுவே?

– நீ ஒரு வாரமா டீயில சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுக்கிட்டுத் திரியுறே. வேற யாரு பேசுறது? இந்தா, இந்த ஓரத்தைப் பிடி. இழுக்காதே, சும்மா பிடி.

– பிடிச்சுட்டேன். டேய், அறுபத்தி மூணு வயசுல மாப்பிள்ளைக் கோலம் கட்டுறேனே, பார்க்கிறவன் என்னடா நினைப்பான்?

– பாவம், முட்டிக்குக் குளிருமேன்னு நினைப்பான். அந்த ஈரத்துணியை இப்படிக் கொடு. இஸ்திரிப் பெட்டி சூடாயிடுச்சா?

– தொட்டா சுர்ருங்குது. பார்த்துடா, கருக்கிடாதே. கஞ்சியைக் கருக்குற மாதிரி.

– என் கஞ்சிக்கு என்ன குறைச்சல்?

– நாய்கூட மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போச்சு. அதுக்குத்தான் சொல்றேன், ஓட்ஸ் மூட்டை மேல் அலமாரியில இருக்கு. தண்ணி கொதிச்சப்புறம் போடு, கிண்டிக்கிட்டே இரு. கிண்டாம வாசல்ல போய்க் கடலைப் பார்த்துக்கிட்டு நிக்காதே. அப்புறம் கொட்டகைக் கதவு கொண்டி லூசாயிருக்கு, காத்து அடிச்சா…

– அண்ணே, நானும் இந்த வீட்டுலதான் பொறந்தேன்.

– இல்லடா, சொல்லணும்ல. இனிமே யாரு சொல்லுவா?

– யாரும் சொல்ல வேணாம். ஆச்சு, மடிப்பு படிஞ்சிருச்சு. இப்ப எந்திரிச்சு நில்லு. மடிப்பெல்லாம் முதுகுப் பக்கம் போகணும். உள் முனை இடது இடுப்புக்கு வரணும். கையைத் தூக்கு.

– மெல்லடா! மூச்சு முட்டுது. வாரை இவ்வளவு இறுக்குவியா?

– அளவெடுத்தப்ப வயித்தை எக்கிக்கிட்டு நின்னியாமே. கடைக்காரன் சொல்லிச் சிரிச்சான்.

– அன்னைக்கு ரோனா பக்கத்துல நின்னா. கட்டிக்கப்போறவ முன்னாடி தொப்பையைத் தள்ளிக்கிட்டு நிக்கச் சொல்றியா?

– இப்ப மேல் முனையைக் கொண்டுவந்து வலது பக்கம் மாட்டணும். அசையாதே. சரியா முட்டி நடுவுல வந்து நிக்குது. நல்லாத்தான் தைச்சிருக்கான்.

– நிஜமாவா? கேலி பண்ணலியே?

– இல்லண்ணே. நல்லா இருக்கு. உனக்கு நல்லா இருக்கு.

– டேய், இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கிறேன். இன்வர்னஸ் டவுன்ல ரோனா வீட்டு மாடியில ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு. அவளே சொன்னா, ஈவனையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்கன்னு. சாயங்காலக் கப்பல்ல மூணு பேராப் போயிடலாம்.

– புதுசாக் கல்யாணமானவங்க வீட்டுல கொழுந்தனுக்கு என்ன வேலை? ஆட்டை யாரு மேய்க்கிறது?

– வித்துடலாம்.

– நாயை?

– கூட்டிட்டுப் போகலாம்.

– அது டவுன் வீட்டுல கிடக்காது. நானும் கிடக்க மாட்டேன். விடு.

– நான் இன்னைக்கு வரலைன்னா அது சாயங்காலம் வாசல்ல போய் நிக்குமேடா.

– நிக்கட்டும். ரெண்டு நாள் நிக்கும். அப்புறம் உள்ளே வந்து படுத்துக்கும்.

– நீ?

– நான் என்ன நாயா? உன் குறட்டை இல்லாம நிம்மதியாத் தூங்குவேன். அந்த வெள்ளி ஊக்கை எடு.

– எப்பப் பார்த்தாலும் இப்படித்தான் பேசுறே. உன் கட்டிலை ஏன் நேத்தே அடுப்படிக்கு இழுத்துப் போட்டுக்கிட்டே?

– அங்கே கதகதப்பா இருக்கு.

– அந்த அறையில தனியாப் படுக்க முடியலைன்னு சொல்லேன்.

– ஊக்கை எடுன்னேன். இதை மேல் மடிப்புல மட்டும்தான் குத்தணும், கீழ் மடிப்போட சேர்த்துக் குத்தினா நடக்க வராது. அண்ணே, ஒண்ணு கேக்கவா? அந்தப் பொம்பளையை ஏன் ஒன்பது வருஷம் காக்க வச்சே? வேற எவளா இருந்தாலும் போடான்னு போயிருப்பா.

– கல்யாண நாளும் அதுவுமா அது எதுக்கு?

– சும்மாத்தான். தெரிஞ்சுக்கலாம்னு.

– உன்னாலதான்டா.

– என்னாலயா?

– கோவிச்சுக்காதே. அம்மா சாகுறதுக்கு முந்தின வாரம் என்னை மட்டும் கூப்பிட்டா. நீ குட்டி போடுற ஆட்டைப் பார்க்கக் கொட்டகைக்குப் போயிருந்தே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘முர்டோ, சின்னவன் தனியா இருக்க மாட்டான். நான் போனப்புறம் அவனை விட்டுட்டு நீ எங்கேயும் போயிடாதே’ன்னா. சரின்னு வாக்குக் கொடுத்துட்டேன். இந்த வருஷம் நீயே வந்து, ‘போய் அவளைக் கட்டிக்கோ, எனக்கு உன் தயவு வேணாம்’னு சொன்னதுக்கப்புறம்தான் எனக்குத் துணிச்சல் வந்துச்சு. டேய், ஏன் கையை எடுத்துட்டே? ஊக்கு குத்திடுச்சா?

– இல்ல.

– அம்மா போன அந்த வருஷம்தான், நீ ஆசைப்பட்ட எஃபியைக் கட்டிக்கிட்டு அவளோட கனடா போகப்போறேன்னு ஊரெல்லாம் பேச்சு. சரி, போகட்டும், பொழைச்சுப் போகட்டும்னு நானும் நினைச்சேன். கடைசியில அவ மட்டும் போனா. கப்பல் போனப்புறமும் நீ படகுத் துறையிலயே நின்னுக்கிட்டு இருந்தே. அப்பத்தான் எனக்குத் தோணிச்சு, அம்மா சொன்னது சரிதான், இவனுக்கு நாம இல்லாம ஆகாதுன்னு. என்னடா, ஏன் அப்படிப் பார்க்கிறே?

– கார் சத்தம் கேக்குது. உன்னை சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போக ரோனாவோட தங்கச்சி வந்துட்டாங்க. கோட்டை மாட்டு.

– வரட்டும், நிக்கட்டும். மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? நான் சொன்னதுல என்ன தப்பு?

– தப்பு ஒண்ணும் இல்ல. கிளம்புண்ணே.

– சொல்லாம நான் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்.

– அதே வாரம், நீ படகுத் துறைக்குப் போயிருந்த நேரமாப் பார்த்து அம்மா என்னையும் கூப்பிட்டா. ‘ஈவன், பெரியவன் தனியா இருக்க மாட்டான், நான் போனப்புறம் அவனை விட்டுட்டு நீ எங்கேயும் போயிடாதே’ன்னு இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தாண்ணே சொன்னா.