ஆபீசர் மலையேற மாட்டார்

சக்கர நாற்காலிக்கு அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. கிறீச்சிடத் தொடங்கிய பிறகுதான் எண்ணெய்க் குப்பியைத் தேடுவார்கள். எங்கள் வீட்டு நாற்காலி ஒருநாளும் கிறீச்சிட்டதில்லை. பிரேக் கட்டை டயரைச் சரியாகக் கவ்வுகிறதா என்று பார்க்காமல் நான் வேலைக்குக் கிளம்பியதும் இல்லை. அதனால்தான், நீங்கள் அழைக்காமலேயே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவியின் மரணம் பற்றிய உங்கள் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: 'நாற்காலியின் பிரேக் முறையாகப் பராமரிக்கப்படாததால் நேர்ந்த விபத்து.' உங்களுக்கு வேலைப்பளு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வரி தவறு. அதைத் திருத்த வேண்டும்.

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. 'விபத்து தானாக நடப்பதில்லை, யாரோ நடத்துகிறார்' என்று நுழைவாயிலில் பெரிய பலகை இருக்கிறதே, அந்த வாசகம் நான் எழுதியது. தொழிலாளர்கள் அந்தப் பலகையின் ஆணியில்தான் சாப்பாட்டுப் பையை மாட்டுவார்கள். தினமும் அதன் முன்னால் நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

என் மனைவி ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தரை ஈரமாக இருக்கிறது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே நான்தான். குளிப்பாட்டினேன், தலை வாரினேன், பழத்தைக்கூட நறுக்கித்தான் கொடுத்தேன். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தால், எந்த அறையில் இருந்தாலும் ஓடிப்போய், "விழுந்துடுவ, உக்காரு" என்று தோளை அழுத்துவேன். குடியிருப்போர் சங்கம் எனக்கு 'முன்மாதிரிக் கணவர்' என்று கேடயம் கொடுத்தது. ஏற்புரை சற்று நீண்டுவிட்டது. பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள், அவர்களுக்கு வேலை இருந்திருக்கும். முன்வரிசையில் இருந்த என் மனைவியால் எழுந்து போக முடியாது. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "என்னப் பத்திச் சொன்னத விட இந்த நாற்காலியப் பத்தித்தான் நிறையச் சொன்னீங்க, ஆபீசர்."

என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். பிரியமாக.

நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் முதலில் குழப்பம் செய்தாள். "எலும்பெல்லாம் எப்பவோ சேந்தாச்சு சார். பயம்தான் விடமாட்டேங்குது" என்றாள். பயம் ஒரு நல்ல பாதுகாப்புக் கருவி என்று நான் விளக்கினேன். அவள் தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது குழப்பம் என் மச்சினன். ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டு, கன்ட்ரோலரை அக்காவின் மடியில் வைத்தான்.

"சும்மா ஊர் சுத்துக்கா. எங்க வேணா போலாம், எதுல வேணா ஏறலாம்."

"விழுந்துட்டா?"

"செத்துடுவ. அப்புறம் எந்திரிச்சு மறுபடி ஏறு."

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது.

அது பெரிய உலகம். மலை, காடு, பாழடைந்த கோட்டை, வானத்தில் ஒரு டிராகன். கொடுங்கோலன் ஒருவனிடமிருந்து அந்த நாட்டை மீட்கும் பொறுப்பை என் மனைவியிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவள் காளான் பறித்துக்கொண்டிருந்தாள். நாடு என்ன ஆவது என்று கேட்டால், "அது கெடக்குது. அந்த மலைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?" என்பாள். போக வேண்டிய இடத்தை மேப்பில் தெளிவாகக் குறித்திருந்தார்கள், அழகான கல்பாவிய சாலையும் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைக் காட்டுவேன். அவள் சாலையை விட்டிறங்கிப் பாறையில் தொற்றுவாள்.

தொடக்கத்திலேயே ஒரு குதிரை கிடைத்தது. அதற்குப் பெயர் வைக்கச் சொன்னது விளையாட்டு. 'ஆபீசர்' என்று வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் அதில் ஏறவே இல்லை, லாயத்தில் கட்டிப்போட்டுவிட்டு நடந்தே போனாள். மச்சினன் ஒருநாள் கேட்டான், "குதிரைய ஏன்க்கா விட்டுட்டு போற?"

"ஆபீசர் மலையேற மாட்டாருடா. ரோட்டுலதான் போவாரு."

இருவரும் அளவுக்கு அதிகமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் விழுவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. உச்சி வரை போவாள், கை நழுவும், பள்ளத்தில் போய்க் கிடப்பாள். திரை இருளும். ஒரு தீமூட்டத்தின் அருகே எழுந்து நின்று, தூசியைத் தட்டிக்கொண்டு, மறுபடி அதே பாறை. முதலில் ஒவ்வொரு விழுதலுக்கும் கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொள்வாள். பிறகு உதட்டைக் கடிப்பாள். அப்புறம் அதுவும் இல்லை. விழுந்தபடியே என்னிடம், "டீ போடறீங்களா?" என்று கேட்பாள். எந்த மலையின் முன்னும் அவள் நின்று யோசித்து நான் பார்க்கவில்லை.

ஒரு மாலை சீக்கிரம் வீடு திரும்பினேன். கதவு ஒருக்களித்திருந்தது. அவள் பிரேக்கைப் போட்டாள், கைப்பிடியை ஊன்றினாள், எழுந்து நின்றாள். ஜன்னல் வரை நடந்துபோய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பயிற்சிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சார் கிட்ட சொல்லலாமாக்கா?"

"இப்ப வேணாம். தெரிஞ்சா ஓடி வந்து பிடிச்சுக்குவாரு. நாளைக்குப் படிக்கட்டு எறங்குறேன். அப்புறம் தனியா கடைத்தெரு. அப்புறம் பாரு, எங்கெங்க போறேன்னு."

நான் கீழே போய், காலடிச் சத்தம் கேட்கும்படி மறுபடி ஏறி வந்தேன். அவள் நாற்காலியில்தான் இருந்தாள். நான் கொடுத்த பழத்தைச் சாப்பிட்டாள். அவளுக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று வழக்கம்போல நாற்காலியைத் துடைத்தேன், எண்ணெய் விட்டேன். பிரேக் லீவருக்குக் கீழே ஒரு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தினால் லீவர் வழக்கம்போல 'டிக்' என்று விழும், ஆனால் கட்டை டயரைத் தொடாது. ஒரு சின்ன விழுதல் போதும், பழைய பயம் திரும்பிவிடும் என்றுதான் நினைத்தேன். அறைக்குள் விழுந்தால் கம்பளம் இருக்கிறது. அவள் நாற்காலியைப் படிக்கட்டின் விளிம்பில் நிறுத்தி எழுந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? மறுநாள் படிக்கட்டு என்று என் காதால் கேட்டது உண்மைதான். பயிற்சிப் பெண் வரும்வரை அவள் காத்திருக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அன்றே செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் படிக்கட்டில் விழுந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தபோது தொழிற்சாலையில் பாதுகாப்பு விழா. நான் மேடையில் இருந்தேன். உரையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் நிறுத்தினால் கேட்பவர்களின் கவனம் சிதறும்.

ஆகவே அந்த வரியைத் திருத்துங்கள். பராமரிப்பில் குறை இல்லை. அந்தத் திருகு தானாகக் கழன்றுகொள்ளவில்லை, நான் என் கையால் தளர்த்தினேன். தானாகக் கழலும்படி அதை நான் ஒருபோதும் விட்டுவைத்திருக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு டிவியில் அவளுடைய விளையாட்டைப் போட்டுப் பார்த்தேன். கடைசியாக நிறுத்திய இடத்தில், ஒரு மலையுச்சியில், தனியாக நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பாதையே இல்லை. எப்படித்தான் ஏறினாளோ. மெல்ல மெல்ல இறக்கிக் கொண்டுவந்தேன். லாயத்துக்குக் கூட்டிப்போய்க் குதிரையில் ஏற்றினேன். இப்போது தினமும் சாலையில்தான் போகிறோம். இங்கே வருமுன்கூட ஒரு மரத்தடியில் பத்திரமாக நிறுத்திவிட்டுத்தான் வந்தேன்.

என் பொறுப்புக்கு வந்த பிறகு அவள் ஒருமுறைகூட விழவில்லை.