திக்காமல் வந்த பேச்சு

எனக்கும் ஒரு பெண் உண்டு. இன்று காலை வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரும் பஸ்ஸில் இதைக் கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. முன் இருக்கையில் ஷூ கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

“என் பொண்ணு நேத்து தூக்கத்துல திக்காம பேசுனாடி, செல்வி.”

“சும்மா இரு, அக்கா. என் பேரச் சொல்லவே அவ திணறுவா.”

“சத்தியமா. தையல் லைன் முன்னாடி நின்னு சூப்பர்வைசர் சத்தம் போடுவாருல்ல, அதே மாதிரி. ‘லைனிங் தோலு கம்மியா இருக்கு, சீக்கிரம் கொண்டாங்க. செல்விக்கா, பேச்சு ஜாஸ்தியா இருக்கு’ன்னு தண்ணி மாதிரி பேசுறா.”

“தூக்கத்துலயும் என்னத்தான் திட்டுறாளா?”

மூத்தவள் சிரிக்கவில்லை.

“அந்த சூப்பர்வைசர் வேலையத்தான் நம்ம கம்பெனியிலயே அவளுக்குத் தர்றோம்னாங்க. அத்தன பேர் முன்னாடி எப்படிப் பேசறதுன்னு வேணாங்கறா. இன்னிக்கு முடிவு சொல்லணும்.”

“பேசுனத செல்லுல புடிச்சியா?”

“கையே ஓடலடி. சாமி முன்னாடி நிக்கிற மாதிரி நின்னுட்டேன்.”

“காலையில அவகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். மனசத் தேத்த பொய் சொல்றேன்னு அழுதா. ஆனா எனக்கு முந்தி பஸ் ஏறுற வரைக்கும், நான் எப்படிப் பேசுனேன், இன்னொரு வாட்டி சொல்லும்மான்னு கேட்டுகினே இருந்தா.”

செல்வி மெல்லச் சொன்னாள்:

“அந்தக் குரல அவ ஒருத்திதானக்கா இன்னும் கேட்டதில்ல.”