தலகாணி உயரத்து ஈரம்

— கையை வச்சுப் பாருக்கா. பலகையா இது? ஊறின ரஸ்க் மாதிரி அமுங்குது.

— போடி இவளே. நீ குத்துற குத்துக்கு எந்தச் சுவருதான் தாங்கும்?

— நீ குடியிருக்கிற இந்த மாதிரி கேரவனையெல்லாம் இத்தனை வருஷமா பழுது பாக்குறவகிட்டயே கதை விடுறியா? உள்ளே சட்டமும் கறுத்துப் போச்சு. உளுத்திருந்தா வண்டியை விட்டுட்டு என் வீட்டுக்கு வந்துடுறேன்னு சொன்னது யாரு?

— சொன்னேன்தான். எங்கே ஒழுகுதுன்னு முதல்ல சொல்லு.

— அதான் மண்டை காயுது. கூரையில ஏறிப் பாத்தாச்சு. ஜன்னல் ரப்பர் புதுசு மாதிரி இருக்கு. வெளித் தகட்டுல ஒரு கீறல் இல்லை.

— உன் அத்தான் கட்டின வண்டியாச்சே. ஒழுகுமா?

— அப்போ ஈரம் உள்ளேருந்துதான் வருது. மூச்சுதான், அக்கா. ராத்திரி விடுற மூச்சு குளிர்ந்த சுவர்ல பட்டுத் தண்ணியா இறங்கும். ஆனா நீ படுக்கிறது அந்தப் பக்கம்தானே?

— ஆமா.

— அந்தச் சுவர்ல பொட்டு ஈரம் இல்லை. நனைஞ்சது இந்தப் பக்கம். அதுவும் தலகாணி உயரத்துல மட்டும்.

— அவரு பக்கம்.

— அக்கா, அத்தான் போய் ஒரு மழைக்காலமே முடிஞ்சு போச்சு.

— எனக்கேவா சொல்றே? அடக்கம் பண்ணினப்ப நானும் அங்கதானே நின்னேன்.

— பின்னே எதுக்கு இன்னும் அவரு தலகாணியைப் போட்டு வச்சிருக்கே?

— எடுத்தா என்னோடதுல வந்து தலை வைப்பாரு. இருக்கிறதே சின்னக் கட்டில்.

— விளையாடாதே, உடம்பெல்லாம் சிலிர்க்குது.

— பயந்தாங்கொள்ளி. சின்னப் பிள்ளையிலயும் என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருட்டுல நடப்பே.

— பேச்சை மாத்தாதே. நகரு, கட்டிலுக்கு அடியில பாக்கணும்... ஐயய்யோ! காத்துத் துளையெல்லாம் உள்பக்கமா டேப் போட்டு ஒட்டியிருக்கு! மேலே பாரு, கூரைத் துளையும்! கேஸ் ஹீட்டர் எரியுற வண்டி இது, அக்கா. மூடி வச்சுட்டுப் படுத்தா விஷக் காத்து வெளியே போகாது. தூக்கத்துலயே முடிஞ்சுடும்.

— அவருக்குக் குளிரே ஆகாதுடி. உயிரோட இருந்தப்பவும் எனக்குத் தெரியாம இப்படித்தான் ஒட்டி வைப்பாரு.

— அவரை விடு. நீ எதுக்கு ஒட்டினே?

— நான் எங்கே ஒட்டினேன்? தண்ணி பிடிக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள ஒட்டியிருக்கும். படுக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டுத்தான் படுப்பேன்.

— அக்கா... துணி கிணி எதுவும் வேண்டாம். எழுந்திரு. இப்பவே என்கூடக் கிளம்பு.

— நாளைக்கு வர்றேன்டி. இன்னிக்கு ஒரே ஒரு ராத்திரி பிய்க்காம விடுன்னு கெஞ்சுறாரு.